போட்டி கிளைடர்ல லேண்டிங் கியரை யாரோ மாத்தி வச்சிருக்காங்க, இதை வச்சுக்கறதா பழையபடி ஆக்கறதா?

#1 மேகத்தடி

எல்லாருக்கும் வணக்கம். நான் தெற்கு ஜெர்மனில ஒரு சின்ன கிளப்ல பறக்கறேன், நாங்க மூணு பேரு சேந்து போன மாசம் ஒரு பழைய 15 மீட்டர் கிளைடர் வாங்கினோம். 70கள்ல வந்த ஃபைபர் கிளாஸ் வண்டி, எந்த மாடல்னு சொல்லல, சொன்னா அந்த மாடல் ஓனருங்க கூட்டமா வந்துடுவாங்க. முன்னாடி அமெரிக்கால ஒருத்தர் போட்டிகளுக்கு பறந்தது, அங்க எக்ஸ்பெரிமென்டல் ரேசிங் கேட்டகிரில பதிவு இருந்ததால அவர் இஷ்டத்துக்கு கை வச்சிருக்காரு, அது இங்க வந்து சேந்ததுக்கப்புறம் தான் எங்களுக்கே முழுசா புரிஞ்சது.

கியர் ஒரிஜினல் இல்ல. கம்பெனில வந்தது 4 இன்ச் ரிம் குட்டி வீல், இப்ப இருக்கறது 5 இன்ச். வீலை தாங்கற கால் ட்யூபை வெட்டி அளந்து பாத்தா கிட்டத்தட்ட 5 செமீ நீளமாக்கி வெல்டிங் வச்சிருக்காரு. காலோட மேல் மூட்டுல ரப்பர் வளையம் அடுக்கடுக்கா கோத்து ஏதோ ஸ்பிரிங் மாதிரி. டிரம் பிரேக்குக்கு பதிலா டிஸ்க். வீல் முழுசா உள்ள போகாததால கதவு ரெண்டுலயும் இட்லி மாதிரி ஒரு புடைப்பு. இதெல்லாம் விட விசித்திரம், வீலை சுத்தி மெல்லிசா ஒரு ஃபைபர் கிளாஸ் பெட்டி கட்டி காக்பிட்டை விட்டு தனியா பிரிச்சு வச்சிருக்காரு.

இன்ஸ்பெக்டர் பாத்துட்டு பேப்பர் எங்கன்னு கேக்கறாரு, எங்ககிட்ட இருக்கறது கையால வரைஞ்ச ஒரு ஸ்கெட்ச் மட்டும். என்கூட பங்கு போட்ட ரெண்டு பேரும் ஒரிஜினல் கியர் பழசு ஒண்ணு தேடி மாட்டிடலாம்ங்கறாங்க. எனக்கு என்னமோ அந்த மனுஷன் காரணம் இல்லாம இவ்ளோ வேலை பாத்திருக்க மாட்டாருன்னு தோணுது.

#2 தெர்மோகோல்

தல நான் கோயம்புத்தூர்ல ரிமோட்ல பறக்கற ஆர்சி கிளைடர் செய்யறவன், நெஜ வண்டி பத்தி அவ்ளோ தெரியாது, ஆனா கதவுல புடைப்பு வச்சு போட்டிக்கு போவாங்களா? நாங்க ஒரு ஸ்க்ரூ தலை வெளிய தெரிஞ்சாலே புட்டி போட்டு தேய்ப்போம்.

#3 ஸ்ட்ரெஸ்_அக்கா

தம்பி, "இழுக்கறது" எதுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, அங்க தான் நிறைய பேர் ஏமாறுவாங்க. வழவழன்னு ஒன்னரை செமீ உருண்டு எழும்பி அடங்கற புடைப்பு பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா கதவு இடுக்கு வழியா உள்ள இருக்கற காத்து வெளிய பீச்சினா அது உடம்போட ஒட்டி ஓடற காத்து அடுக்கை தடிமனாக்கிடும், அதுக்கப்புறம் வால் வரைக்கும் கெட்டது தான். காக்பிட்ல மூக்கு துவாரம் வழியா காத்து வருது இல்லையா, வந்த காத்து எங்கயாவது போயாகணும், சரியான வழி இல்லன்னா இறக்கை வேர் இடுக்கு, கியர் கதவுன்னு கிடைச்ச ஓட்டைல போகும். அதுக்கு தான் அந்த பெட்டி. நீங்க பாக்க வேண்டியது கேனபிக்கு (காக்பிட் மேல இருக்கற கண்ணாடி மூடி) பின்னாடி முதுகுல காத்து வெளிய போக ஒரு செதில் மாதிரி வாய் வெட்டி இருக்கா, மேண்ட்ல் எக்ஸ்ட்ராக்டர்னு சொல்லுவாங்க. அது இருந்தா அந்த ஆளு தெரிஞ்சு தான் செஞ்சிருக்காரு.

#4 மேகத்தடி

அக்கா இருக்கு!! நாங்க அதை ரேடியோ ஆண்டெனாக்கு வெட்டின ஓட்டைன்னு நெனச்சு டேப் ஒட்டி வச்சிருக்கோம் 😐

#5 ஹடப்சர்_பெருசு

டேப்பை எடுங்கப்பா முதல்ல.

நான் 80கள்ல புனே ஹடப்சர்ல கத்துக்கிட்டவன். எங்க காலத்துல உள்ள மடக்கற வீலெல்லாம் புத்தகத்துல பாக்கறது தான். ரோகிணின்னு நம்ம நாட்டுலயே டிசைன் பண்ண டூ சீட்டர், 1961ல முதல்ல பறந்தது, வாத்தியாரும் பையனும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும், திட்டு நேரா காதுல விழும். வீல் வெளிய நிக்கும், அதுக்கு முன்னாடி மரச்சறுக்கு. நிறுத்தணும்னா ஸ்டிக்கை முன்னாடி தள்ளி மூக்கை தரையில அமுக்கணும், சறுக்கு தேஞ்சு நிக்கும், தகரத்தை தரையில இழுக்கற சத்தம் வரும். அதனால எனக்கு இந்த ஃபேஷன் எல்லாம் புரியாது, ஆனா ஒண்ணு கேக்கறேன், கால் 5 செமீ நீட்டினா லாக் ஜியாமெட்ரி என்ன ஆச்சு? ஓவர் சென்டர், அதாவது லாக் லீவர் நடுக்கோட்டை தாண்டி உக்காரறது, ஒழுங்கா தாண்டுதா?

#6 ஆல்ப்ஸ்காத்து

வணக்கம், நான் சுவிஸில இருக்கிறன். பெருசு ஐயா சறுக்கு எண்டு சொன்னதும் ஒண்டு ஞாபகம் வந்திட்டுது. இங்க சமேடனில 1948ல கிளைடர் உலகப் போட்டி நடந்தது, அதில வெண்ட சுவீடன்காரர் பெர்சன் ஓட்டினது வைஹே எண்ட 18 மீட்டர் மரக் கிளைடர். ரெண்டு வருசம் கழிச்சு சுவீடனில ஓரேப்ரோவில நடந்த போட்டியிலயும் வைஹே தான் வெண்டது. அந்த வைஹேக்கு மடக்கிற சில்லும் இல்லை நிலையான சில்லும் இல்லை பாருங்கோ! ரெண்டு சில்லு பூட்டின ஒரு வண்டிலுக்கு மேல வச்சுத்தான் கிளம்பும், எழும்பின உடன வண்டிலைக் கழட்டிக் கீழ போட்டிடுவினம், இறங்கேக்க வயித்தில இருக்கிற சறுக்கில இறங்கும். காத்தில இழுக்கிற சாமானே இல்லை, பாரமும் இல்லை. இப்ப நாங்கள் விசித்திரம் எண்டு கதைக்கிறம், அப்ப அது தான் வழமை.

ஆனா வண்டிலை விடுற உயரம் பிசகினா அது தரையில பட்டுத் துள்ளி வந்து கிளைடரையே அடிக்கும். உதே யோசனையைத் தான் லிப்பிஷ் எண்டவர் வடிவமைச்ச ஜெர்மன் ராக்கெட் விமானம் மெ 163க்கும் வச்சவை. 1942 அக்டோபரில சோதனை விமானி ஹன்னா ரைட்ச் ஓட்டேக்க வண்டில் கழரவே இல்லை, அதோடயே இறங்கப் போய் முகமெல்லாம் உடைஞ்சு படுகாயம். அதே வருசம் ஹைனி டிட்மார், அவர் சும்மா ஆள் இல்லை, 1937ல வாஸர்குப்பையில நடந்த முதல் சர்வதேசக் கிளைடர் போட்டியில முதலாவதா வந்தவர், 1941ல அதே ராக்கெட்டில மணிக்கு 1000 கிமீ தாண்டினவர், அவர் இறங்கேக்க சறுக்கின்ர அதிர்வுதாங்கி வேலை செய்யேல்லை. விமானம் உடையேல்லை, அவற்ற முள்ளந்தண்டு உடைஞ்சது. கனகாலம் ஆஸ்பத்திரியில கிடந்தவர்.

உங்கட பழைய ஓனர் ரப்பர் வளையம் அடுக்கினது ஏன் எண்டு எனக்கு அதை வாசிச்ச உடன விளங்கீட்டுது.

#7 தெர்மோகோல்

அண்ணே செம கதை. அப்ப இதே மாதிரி வேற என்னென்ன வினோத கியர் இருக்கு? நான் ஸ்கேல் மாடல் செய்ய ஐடியா தேடிட்டு இருக்கேன்.

இன்னொரு டவுட், அந்த கியர் கதவு இடுக்குல எல்லாரும் இறக்கைக்கு ஒட்டற மாதிரி வெளிய டேப் ஒட்டிட்டா வேலை முடிஞ்சதே, எதுக்கு பெட்டி?

#8 ஃபைனல்கிளைடு

டேக் ஆஃப் ஆகறப்ப வீல் வெளிய இருக்கும் பாஸ், கதவு திறந்திருக்கும், அப்புறம் மேல போய் யாரு எட்டிப் பாத்து டேப் ஒட்டறது 😂 உள் பக்கமா உதடு மாதிரி ஃபோம் பட்டி, இல்ல மைலர்ங்கற மெல்லிசு பிளாஸ்டிக் பட்டி, அப்படித்தான் பண்ண முடியும், அதுவும் சேறு பட்டா ஒரு சீசன் தாங்காது.

வினோத கியர் கேட்டீங்கல்ல. காப்ரோனி கலிஃப் ஏ-21, இத்தாலி, 1970, ஆளுங்க பக்கத்துல பக்கத்துல உக்காருவாங்க, அதனால உடம்பு அகலம், அகலம் இருக்கேன்னு வீலும் ரெண்டு பக்கத்துல பக்கத்துல வச்சு மடக்கிட்டாங்க. க்ரோப் ட்வின் ஆஸ்டிர்ல பின் சீட்டுக்கு கீழ இடம் இல்ல, அதனால வீல் மேல ஏறறப்பவே 90 டிகிரி திரும்பி தட்டு மாதிரி படுத்துக்கும், அப்புறம் வந்த டிரெய்னர் மாடல்ல இந்த தலைவலியே வேணாம்னு வீலை வெளியவே நிறுத்திட்டாங்க. ஜெர்மனில பிரவுன்ஷ்வைக் யுனிவர்சிட்டி பசங்க செஞ்ச எஸ்பி-13, வாலே இல்லாத 15 மீட்டர் வண்டி, 1988ல பறந்தது, வால் இல்லன்னா வால் வீலும் இல்ல, அதனால மூக்குல ஒண்ணு நடுவுல ஒண்ணுன்னு முன்னும் பின்னுமா ரெண்டு வீல், ரெண்டும் மடங்கும். மாடல் செய்யறதுன்னா நான் எஸ்பி-13 தான் சொல்லுவேன்.

கியர் இல்ல ஆனா இறங்கற சமாச்சாரத்துல எனக்கு ரொம்ப பயமா இருக்கறது ஏஎஸ்டபிள்யூ 12. ஏர்பிரேக்கே (இறங்கறப்ப இறக்கைல எழும்பி காத்தை தடுக்கற தட்டு) கிடையாது. ஃப்ளாப்பும் வால்ல ஒரு பாராசூட்டும், அவ்ளோ தான். பாராசூட்டை சீக்கிரம் விட்டா வயலுக்கு முன்னாடியே விழுவ, விரியலன்னா வயலைத் தாண்டிப் போவ. அந்த வண்டில தான் ஹான்ஸ் வெர்னர் க்ரோஸ 1972 ஏப்ரல் 25ம் தேதி லூபெக்ல கிளம்பி பியாரிட்ஸ் வரைக்கும் 1460.8 கிமீ போனாரு. போட்டிக்காரன் டிராகை, அதாவது காத்து பின்னாடி இழுக்கறதை, குறைக்கணும்னா எதை வேணா தூக்கி போடுவான்.

சரி விஷயத்துக்கு வரேன், மேகத்தடி பாஸ், என் கருத்து பழையபடி மாத்துங்க. 5 இன்ச் வீல், டிஸ்க், நீட்டின கால் எல்லாம் சேத்து எப்படியும் ரெண்டு மூணு கிலோ கூடியிருக்கும், பேப்பர் இல்ல, விக்கறப்ப யாரும் வாங்க மாட்டான்.

#9 ஸ்ட்ரெஸ்_அக்கா

மூணு கிலோவா? 15 மீட்டர் கிளாஸ்ல வேகத்துக்காக இறக்கைல தண்ணி ரொப்பி மொத்த எடையை ஐநூறு கிலோ பக்கம் ஏத்திட்டு கிளம்பறீங்க, மூணு கிலோக்கு அழறீங்க.

கணக்கு போட்டு காட்டறேன், சிம்பிளா தான். இறங்கறப்ப வண்டி செங்குத்தா நொடிக்கு 3 மீட்டர்ல தரையை அடிக்குதுன்னு வைங்க, தெரியாத வயல்ல, தலைக்காத்து திடீர்னு செத்துப் போச்சுன்னா இது நடக்கற வேகம் தான், அரை மீட்டர் உயரத்துல இருந்து அப்படியே பொத்துனு போட்டா எப்படியோ அப்படி. குட்டி வீல், ஸ்பிரிங் இல்ல, டயர் நசுங்கறது 5 செமீன்னு தாராளமாவே வச்சுக்குவோம். அந்த 5 செமீக்குள்ள 3 மீட்டர் வேகம் பூஜ்யம் ஆகணும்னா சராசரியா 9 ஜி, அதாவது உங்க எடை மாதிரி 9 மடங்கு அழுத்தம். உச்சம் அதுக்கு மேல. நீங்க சாஞ்சு படுத்த மாதிரி உக்காந்திருக்கீங்க, கீழ அரை இன்ச் குஷன். இதே 15 செமீ கிடைச்சா சராசரி 3 ஜி. எழுந்து வந்து டீ குடிக்கலாம். அதாவது பெரிய டயர் + ரப்பர் + நீளக் காலுங்கறது வேற ஒண்ணும் இல்ல, உங்க முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவுல அந்த 10 செமீயை வாங்கறது. பிற்பாடு வந்த ஏஎஸ்டபிள்யூ 24 மாதிரி வண்டிகள்ல டிசைனருங்களே காக்பிட்டையும் கியரையும் இந்த கண்ணோட்டத்துல பாக்க ஆரம்பிச்சாங்க, உங்க ஆளு கராஜ்லயே அதை பண்ணியிருக்காரு.

கால் நீளம் ஆனதுல இன்னொரு லாபம், தரையில நிக்கறப்ப மூக்கு கொஞ்சம் தூக்கி இருக்கும், தண்ணி ரொப்பின கனமான வண்டி இழுவைல சீக்கிரமா எழும்பும். உயரமா வளந்த புல்லுல வயிறும் உரசாது.

#10 ஃபைனல்கிளைடு

அக்கா நான் டிராக் பேசறேன் நீங்க ஆஸ்பத்திரி பேசறீங்க. டிராகும் கணக்கு தான். பாதி டயர் வெளிய தொங்கிட்டு இருக்குன்னு வைங்க, 100 கிமீ வேகத்துல அது மட்டும் ஒரு 9 நியூட்டன் இழுக்கும், என் தோராய கணக்கு. 350 கிலோ வண்டி 38க்கு 1ல (1 மீட்டர் இறங்கறதுக்குள்ள 38 மீட்டர் முன்னாடி) மிதக்குதுன்னா மொத்த டிராகே 90 சொச்சம் நியூட்டன். பத்துல ஒரு பங்கு போச்சு. 38 போய் 34.5 ஆச்சு, ஆயிரம் மீட்டர் உயரத்துல இருந்து மூணரை கிமீ குறைவா போவீங்க. வேகம் கூட கூட இன்னும் மோசம். வீலை உள்ள வைக்கறதுக்கு ஜனங்க ஏன் அடிச்சுக்கிட்டாங்கன்னு இப்ப புரியுதா.

ஸ்டாண்டர்ட் கிளாஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்கல்ல, 1958ல போலந்து லெஸ்னோல அதுக்கு முதல் உலகப் போட்டி, அதுல ரூலே வீல் மடங்கக்கூடாது, விலை கம்மியா இருக்கணும்னு. கா 6 மாதிரி வண்டிங்க எல்லாம் அதனால தான் வீல் தெரிய நின்னுது. பத்து வருஷம் தாக்கு பிடிச்சது, அப்புறம் 60கள் கடைசில ரூலை தளர்த்தினதும் எல்லாரும் மடக்க ஆரம்பிச்சாங்க. இங்கிலீஷ்காரன் ஸ்லிங்ஸ்பி டார்ட் 17ஆர்னு பேர்லயே மடங்கற வீலுக்கு ஒரு எழுத்து போட்டு பெருமை அடிச்சுக்கிட்டான்.

#11 ஹடப்சர்_பெருசு

அதே ஸ்டாண்டர்ட் கிளாஸ் வண்டி, வெளிய நிக்கற வீலும் மரச்சறுக்கும் உள்ள ஃபோகா 4, 1965ல இங்கிலாந்து சவுத் செர்னில நடந்த உலகப் போட்டில பெரிய இறக்கை வச்சவனோட எல்லாம் மோதி, இறக்கை நீளத்துக்கு வரம்பே இல்லாத ஓபன் கிளாஸையே ஜெயிச்சது, ஓட்டினவர் போலந்துக்காரர் வ்ரூப்ளெவ்ஸ்கி. தெர்மல்ல (மேல எழும்பற சூடான காத்து) சுத்தத் தெரிஞ்சவனுக்கு வீல் ஒரு பிரச்சனையே இல்ல. சும்மா சொல்லிட்டேன்.

#12 ஃபைனல்கிளைடு

பெருசு 🙏 அதுக்கு பதில் இல்ல.

ஆனா முரட்டு வயல்ல இறங்கறப்ப வீலை உள்ளயே வச்சு வயித்துல இறங்கினா சீக்கிரம் நிக்கும்னு எங்க கிளப் சீனியர் ஒருத்தர் சொல்லுவாரு. அப்ப இந்த நீளக் காலுக்கு அவசியமே இல்லையே?

#13 ஸ்ட்ரெஸ்_அக்கா

அந்த சீனியர் சொல்றதை கேக்காதீங்க. வயித்துல இறங்கினா சீட்டுக்கு கீழ இருக்கறது ரெண்டு மில்லி மூணு மில்லி கிளாஸ் ஓடு, அதுக்கு கீழ கல்லு. மேல போட்ட கணக்குல 5 செமீ கூட கிடையாது இப்ப. வீல் பிச்சுக்கிட்டு போனாலும் பரவால்ல, போறப்ப அது அடியை வாங்கிட்டு தான் போகும். கியர் வாங்கலாம், முதுகு கிடைக்காது.

#14 ஆல்ப்ஸ்காத்து

உண்மை. எங்கட கிளப்பில ஒராள் வேணுமெண்டு இல்லை, மறதியில செய்தவர். இழுவை விட்ட பிறகு சில்லை உள்ள எடுக்க மறந்திட்டார், மூண்டு மணித்தியாலம் வெளிய தொங்கத் தொங்கப் பறந்து, இண்டைக்கு மிதவை சரியில்லை எண்டு காத்துக்குப் பேச்சு. இறங்க முன்னம் "சில்லு" எண்டு சொல்லிக்கொண்டு கைபிடியை மற்றப் பக்கம் தள்ளினார், சில்லு உள்ள போச்சு. ரேடியோவில நாங்கள் கத்தினது அவருக்கு விளங்கேல்லை, கை காட்டிக்கொண்டு வாறார்! பிறகு ஏர்பிரேக் திறக்கேக்க கியர் பூட்டாட்டிக் கத்துற பஸ்ஸர் ஒண்டு பூட்டினம். உங்கட வண்டியில மாத்தின கியருக்கு அந்த சுவிட்ச் சரியான இடத்தில இருக்கோ எண்டு பாருங்கோ, கைபிடி நகருற தூரம் மாறியிருக்கும்.

#15 மேகத்தடி

மன்னிக்கணும் ரெண்டு வாரம் வர முடியல. வண்டியை ஸ்டாண்டுல தூக்கி வச்சு எல்லாம் பிரிச்சு பாத்தோம், ஒண்ணொண்ணா சொல்றேன்.

முதுகு வாய் டேப் எடுத்தாச்சு. எடுத்து பறக்க இன்னும் நாள் வரல ஆனா கேனபி மூடிட்டு மூக்குல ஹேர் டிரையர் வச்சு சோதனை பண்ணோம், நூல் ஒட்டி பாத்தா கியர் கதவுல அசைவே இல்ல, முதுகுல தான் நூல் எழும்புது. பெட்டி வேலை செய்யுது! என் பங்காளி முகத்தை பாக்கணுமே. (ஹேர் டிரையர் அவன் பொண்டாட்டியோடது, திரும்ப குடுக்கல இன்னும்.)

பெருசு சார் கேட்டது தான் வில்லங்கம். லாக் பண்ணா லீவர் நடுக்கோட்டை தாண்டி உக்காரணும்ல, இது மயிரிழை தான் தாண்டுது. ஒருத்தன் வாலை பிடிச்சு ஆட்ட, நான் கீழ படுத்து பாத்தேன், ஆட்டறப்ப ரப்பர் அமுங்கி விரியற நேரத்துல லீவர் நடுக்கோட்டுக்கு திரும்பி வருது. அந்த ஆளு தப்பா செஞ்சதா எனக்கு தோணல, மூட்டு புஷ் ரெண்டும் தேஞ்சு போச்சு, ரப்பரும் வருஷக்கணக்குல இறுகி குள்ளமாயிருக்கு, ஸ்கெட்ச்ல போட்ட அளவுக்கும் இப்ப இருக்கறதுக்கும் வளைய அடுக்கு 6 மில்லி வித்தியாசம். வின்ச்ல இழுக்கறப்ப மேடு பள்ளத்துல மடங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே இல்ல நான்.

அப்புறம் லாக் புக். இதை தான் சொல்ல வந்தேன். பழைய ஓனரோட புக்கை முதல்ல மணி நேரம் கூட்டறதுக்கு மட்டும் தான் புரட்டினோம், இப்ப உக்காந்து படிச்சேன். ஒரு ஜூன் மாசம், போட்டி நாலாவது நாள், குறிப்புல "அறுத்த வயல், பலமா இறங்கியது, கியர் வளைந்தது" அவ்ளோ தான். அதுக்கப்புறம் பத்து மாசம் ஒரு வரி கூட இல்ல. அடுத்த எண்ட்ரி மறு வருஷம் ஏப்ரல், "புது கியர், சோதனை, 22 நிமிஷம்". கியர் வளைஞ்சா ரெண்டு வாரத்துல நிமித்திடலாம், பத்து மாசம் ஆகாது.

என் பங்காளிங்க ரெண்டு பேரும் அதை படிச்சதுக்கப்புறம் ஒரிஜினல் கியர் தேடற பேச்சை எடுக்கல.

#16 ஸ்ட்ரெஸ்_அக்கா

ம்ம்.

இன்ஸ்பெக்டருக்கு குடுக்க கணக்கு நான் எழுதி தரேன், ஸ்கெட்சோட ஸ்கேனும் ட்யூப் வெளி விட்டம், சுவர் தடிமனும் அனுப்புங்க. வெல்டிங்கை டை பெனட்ரென்ட் (கீறலை காட்டிக் குடுக்கற சாயம்) போட்டு பாத்துடுங்க, கீறல் இருந்தா அங்க தான் இருக்கும். புது அப்ரூவலுக்கு போறப்ப வண்டியை மறுபடி எடை போட்டு சென்டர் ஆஃப் கிராவிட்டி எடுக்கணும், கால் நீண்டதால வீல் தரையை தொடற இடமே முன்ன பின்ன போயிருக்கும், பழைய தாளை நம்பி கணக்கு போடாதீங்க.

#17 ஃபைனல்கிளைடு

சரி வாபஸ் வாங்கிக்கறேன், வச்சுக்கங்க. ஆனா அந்த இட்லி புடைப்பை மட்டும் கொஞ்சம் தேய்ச்சு வால் பக்கம் நீட்டி விடுங்க பாஸ், பாக்க சகிக்கல.

#18 தெர்மோகோல்

எஸ்பி-13 ஆரம்பிச்சாச்சு, மூக்கு வீலுக்கு சர்வோ இடம் பத்தல, தனி இழைல கேக்கறேன்.

#19 மேகத்தடி

அக்கா ட்யூப் அளவு மெயில்ல போட்டுட்டேன். டை போட்டு பாத்தோம், வெல்டிங் சுத்தமா இருக்கு.

இப்ப மாட்டிக்கிட்டு நிக்கறது ரப்பர் வளையம் தான். வெளி விட்டம் 50, ஓட்டை 20, உயரம் 15 மில்லி, மொத்தம் ஆறு. ஸ்கெட்ச் ஓரத்துல கடினம் 70னு எழுதியிருக்கு. கடைல கிடைக்கறதெல்லாம் 60 இல்ல 80. ரெண்டையும் கலந்து அடுக்கலாமா கூடாதா?

#20 ஹடப்சர்_பெருசு

கலக்காதே. மெத்துனு இருக்கறது முதல்ல முழுசா அமுங்கி முடிஞ்சுடும், அப்புறம் கெட்டியானது மட்டும் தான் மிச்சம், ஸ்ட்ரோக் போச்சு. கன்வேயர் பெல்ட் ஆளுங்க யார்கிட்டயாவது 70 ஷீட் கேட்டுப் பாரு, வட்டமா வெட்டி தருவாங்க.